மடியில் இருந்த வில்லுக்கத்தி



சென்ற தவணை பத்தாம் ஆண்டு வகுப்பிலே ஒரு சிறுகதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கதையில் வரும் முதியவர் மடியிலிருந்து வில்லுக்கத்தியை எடுத்துப் பாக்குச் சீவுகிறார். "வில்லுக்கத்தி என்றால் என்ன?" என்று கேட்டேன். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் ஒருவன் மாத்திரம் எழுந்து, "வில்லும் அம்பும் கொண்டுபோகிறவர்கள் வைத்திருக்கிற கத்தியாக்கும், சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் பாதி ஆண்களின் மடியில் இருந்த ஒரு பொருள், சொல்லோடு சேர்ந்து மறைந்துவிட்டதே என்ற எண்ணமே மேலிட்டது.

இந்தச் சிறு கருவிக்குத் தமிழில் மூன்று பெயர்கள் உள. மடக்குக்கத்தி என்பது அதன் உருவத்தைச் சொல்வது. வில்லுக்கத்தி என்பது அதன் பொறியைச் சொல்வது. பேனாக்கத்தி என்பது அது செய்த தொழிலைச் சொல்வது. மூன்று பெயரும் மூன்று வரலாறுகளைத் தம்முள் மடித்து வைத்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

மடக்குதல் என்பது மிகப் பழைய யுக்தி. ஒஸ்திரியா நாட்டின் ஹால்ஸ்டாட் என்னுமிடத்தில் கிடைத்த, எலும்புப் பிடியும் ஒற்றை அலகும் கொண்ட மடக்குக்கத்தி ஏறக்குறைய கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உரோமரிடமும் இக்கத்தி பரவலாக இருந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் பிற்ஸ்வில்லியம் அரும்பொருளகத்தில் கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் செய்யப்பட்ட உரோமக் கருவியொன்று இருக்கின்றது. வெள்ளியாலான அதன் உடலில் கத்தி, கரண்டி, முள், ஊசி என்பன மடிந்து கிடக்கின்றன. பயணத்தின்போது உணவருந்தச் செல்வர் ஒருவர் வைத்திருந்ததாகலாம். பல கருவிகளை ஒரு பிடிக்குள் அடக்கும் எண்ணம் சுவிஸ்காரர் கண்டுபிடித்ததென்று நாம் நினைத்திருக்க, அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதைச் செய்துவிட்டார்!

ஆயினும் இப்பழைய கத்திகளுக்கு ஒரு குறை இருந்தது. அலகை விரித்த நிலையில் நிறுத்துவதற்கு ஆணியின் இறுக்கமும் பிடிப்பவரின் விரலுமே துணை. இக்குறையைத் தீர்த்ததுதான் வில். இங்கு வில் என்றது அம்பு எய்யும் வில்லை அன்று. வில்லு வண்டியில் உள்ளதே, அந்த வில். பிடியின் முதுகுப்பக்கத்தில் ஓர் உருக்குத் தகடு படுத்திருக்கும். அலகின் அடி அதன்மேல் அழுந்தி நிற்கும். அலகை இழுக்கும்போது தகடு சற்றே வளைந்து கொடுக்கும். அலகு முழுதும் விரிந்ததும் 'டக்' என்ற ஒலியோடு பழைய நிலைக்குத் திரும்பும். மூடும்போதும் அதே ஒலி. வேறு பூட்டு இல்லை. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரக் கம்மியர் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் இவ்வமைப்பைச் செய்யத் தொடங்கினர். நம் முன்னோர் அந்த ஒலியைக் கேட்டு, அதற்குக் காரணமான உறுப்பைக் கண்டு, வில்லுக்கத்தி என்று பெயரிட்டனர். பொறியின் உயிர்நிலையைத் தொட்டுப் பெயரிட்ட அவர்களின் நுட்பத்தை எண்ணி வியக்கலாம்.

ஷெபீல்டின் கத்திப் புகழ் மிகத் தொன்மையானது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சோசர், தமது கன்ரபரிக் கதைகளிலே மாவரைக்கும் ஆலைக்காரன் ஒருவனைப் படைத்து, அவன் காலுறையில் ஒரு ஷெபீல்ட் கத்தியைச் செருகி வைத்துள்ளார். ஊர்ப்பெயரைச் சொன்னாலே கத்தியின் தரம் விளங்கும் நிலை அன்றே இருந்தது. 1624ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் அப்பகுதிக் கத்திக் கம்மியருக்கு ஒரு சங்கம் அமைந்தது. ஒவ்வொரு கம்மியருக்கும் தனி முத்திரை. தரங்குறைந்த பொருளுக்குத் தண்டம். 1740களில் பெஞ்சமின் ஹன்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுக் கம்மியர், மணிக்கூட்டு வில்லுக்கு நல்ல உருக்கு வேண்டுமென்று தேடி, மண்மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையை அங்கு கண்டார். மணிக்கூட்டு வில்லுக்காகப் பிறந்த உருக்கு, பின்னர் கத்திக்கும் வந்து சேர்ந்தது.

இனி, மூன்றாவது பெயருக்கு வருவோம். பேனாக்கத்தி என்று ஏன் சொல்கிறோம்? பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு? ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக வாத்தின் இறகால் எழுதினர். இறகின் முனை எழுத எழுத மழுங்கும். மீண்டும் சீவிக் கூராக்கி, நடுவே பிளவு செய்ய வேண்டும். ஆகவே எழுதுபவன் எவனும் ஒரு சிறு கத்தி இல்லாமல் எழுத இயலாது. நீதிமன்ற எழுத்தரும் கவிஞரும் பள்ளிச் சிறுவரும் அதை வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் உருக்கு முனைப் பேனாக்கள் மலிந்தபோது இறகு போயிற்று. கத்தி மாத்திரம் பழைய பெயரோடு சட்டைப்பையில் தங்கிவிட்டது.

தமிழர்க்கு இது புதிய செய்தி அன்று. ஓலையில் எழுதிய நம் முன்னோருக்கும் எழுத்துக்கு முன் கத்தி வேண்டியிருந்தது. பனையோலையை அளவாக நறுக்கி ஓரம் வாரினால்தான் ஏடு ஏடாகும். எழுத்தாணி வகைகளுள் குண்டெழுத்தாணி ஒன்று. அதன் தலை கனத்திருக்கும். வாரெழுத்தாணி மற்றொன்று, அதன் ஒரு முனை எழுத, மறுமுனை ஓலை வாரும் கத்தி. மூன்றாவது மடக்கெழுத்தாணி. ஊசியும் கத்தியும் பிடிக்குள் மடிந்துவிட, உடலிற் குத்துமென்ற அச்சமின்றி இடுப்பிலே செருகிக்கொண்டு போகலாம். மரப்பிடியும் தந்தப்பிடியும் போட்டவை உண்டு. உ. வே. சாமிநாதையர் 'என் சரித்திர'த்திலே ஏடும் எழுத்தாணியுமாய்த் தாம் பயின்ற காலத்தை விவரித்துள்ளமையை இலக்கிய மாணவர் அறிவர். வாத்திறகு கொண்டு எழுதிய ஆங்கில எழுத்தனும் ஓலை கொண்டு எழுதிய நம் கணக்கப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் கண்டறியார். ஆனால் இருவரும் எழுத உட்காருமுன் செய்த முதல் வேலை ஒன்றே: மடக்கிய கத்தியை விரித்தல்.

இவ்விரு உலகங்களும் ஒரு பேனாக்கத்தியிலே உண்மையாகவே சந்தித்தன என்பது சுவையான செய்தி. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் இரும்பை மரத்துண்டு, இலை முதலியவற்றுடன் அடைத்துச் சூடேற்றி உருக்குச் செய்யும் தொழில் பன்னெடுங்காலம் நடந்தது. ஐரோப்பியர் அதனை 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லின் திரிபு அது என்பர். நம் 'உருக்கு' அதன் உறவுச் சொல். 1794இல் பம்பாயிலிருந்து இவ்வுருக்குக் கட்டிகள் லண்டன் றோயல் சங்கத் தலைவர் சேர் ஜோசப் பாங்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அதனை ஆராய்ந்து ஜோர்ஜ் பியர்சன் 1795இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாராய்ச்சிக்காக ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்னும் லண்டன் கத்திக் கம்மியர் அதைக் கொண்டு செய்த பொருள் என்ன தெரியுமா? ஒரு பேனாக்கத்தி! அவ்வுருக்கின் மேன்மையில் மனம் பறிகொடுத்த ஸ்ரொடார்ட், ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் இதனையே தாம் விரும்புவதாகத் தமது கடை அட்டையிலேயே அச்சிட்டார். பின்னாளில் மின்னியலின் தந்தையெனப் போற்றப்பட்ட மைக்கல் பரடே, ஒரு கொல்லரின் மகன். அவரும் ஸ்ரொடார்ட்டும் சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் வெளியிட்ட கட்டுரைக்கும் வூட்ஸ் உருக்கின் மீதிருந்த வியப்பே தூண்டுகோல்.

நம் தீவின் பங்கும் சிறிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதுகையில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். பலாங்கொடையை அடுத்த சமனலவெவ மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக ஊதும்படி அமைந்த உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெப் கண்டறிந்து 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் எழுதினார். அவை ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையில் எரிந்தவை. அதே போன்ற உலையைக் கட்டி எரித்துப் பார்த்தபோது உயர் கரி உருக்கு உண்மையாகவே கிடைத்தது. காற்றைக் கொண்டு உருக்குச் செய்தவர்களின் வழிவந்தவர்கள், பிற்காலத்தில் ஷெபீல்ட் கத்தியைக் காசு கொடுத்து வாங்கி மடியிற் செருகிக்கொண்டார்கள். குடியேற்ற ஆட்சியின் வரலாற்றை இதனினும் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஷெபீல்டின் புகழுக்குப் பின்னால் ஒரு துயரமும் உண்டு. அலகைத் தீட்டுவோர் சுழலும் கல்லின் முன் குனிந்திருந்து வேலை செய்தனர். கல்தூளும் உருக்குத்தூளும் மூச்சோடு நெஞ்சில் இறங்கின. 1845இல் பிரெடெரிக் எங்கெல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில், ஷெபீல்ட் மருத்துவர் ஒருவரை ஆதாரங்காட்டி, உலர்ந்த கல்லில் தீட்டுவோரின் சராசரி ஆயுள் 35ஐ எட்டுவதே அரிது என்றும், நீர்விட்டுத் தீட்டுவோர் 45ஐத் தாண்டுவதும் அரிது என்றும் குறிப்பிடுகிறார். பளபளக்கும் அலகொன்றைப் பார்த்து மகிழும் சேகரிப்பாளர், அந்தப் பளபளப்பு எவருடைய மூச்சிலிருந்து வந்ததென்பதையும் நினைக்கக் கடமைப்பட்டவர்.

இனி, ஏனைய நாடுகள். பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலத்தில் லாயோல் என்னும் கிராமம் உள்ளது. 1829இல் அங்கு உருவான கத்தி, மேய்ப்பரின் கத்தி. 1840இல் அதில் ஒரு குத்தூசி சேர்ந்தது. வயிறு ஊதிய கால்நடையின் காற்றை வெளியேற்ற அது உதவிற்று. 1880இல், தக்கை இழுக்கும் திருகு சேர்ந்தது. ஊரார் பாரிசுக்குப் போய் உணவுச்சாலைகளில் வேலைசெய்யத் தொடங்கியதே காரணம். ஒரு சமூகம் மலையிலிருந்து நகருக்குப் பெயர்ந்த கதையைக் கத்தியின் உறுப்புகளே சொல்கின்றன. பிடியிலே சிறு ஆணிகளால் ஒரு சிலுவை பதித்திருக்கும். கோவிலுக்குப் போக வழியில்லாத மேய்ப்பன் கத்தியை ரொட்டியிலே குத்தி நிறுத்தி, அச்சிலுவையின் முன் பிரார்த்தித்தான் என்பர்.

சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் என்ற பதினெட்டு வயது இளைஞர், கோடரியும் அரிவாளும் செய்த தந்தையாருக்கு விருப்பமில்லாதிருந்தும், 1890இல் மரப்பிடிக் கத்தியொன்றைச் செய்தார். உழவர் விலைகொடுத்து வாங்கக்கூடிய எளிய கத்தி அது. இன்றும் அதே உருவில் விற்பனையாகின்றது. சுவிற்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்தி வழங்கினார். துப்பாக்கியைக் கழற்றவும் தகரப் பேணியைத் திறக்கவும் அது வேண்டியிருந்தது. 1909இல் தாயார் விக்ரோறியா இறந்தபோது அவர் பெயரைத் தம் கத்திக்குச் சூட்டினார். துருப்பிடியா உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' என்பது 1921இல் சேர, விக்ரோறினொக்ஸ் ஆயிற்று. உலகமெங்கும் பைகளில் கிடக்கும் அந்தச் சிவப்புக் கத்தி ஒரு மகன் தாய்க்கு எடுத்த நினைவுச் சின்னம் என்பதைப் பலர் அறியார்.

இலக்கியத்திலும் இதற்கு இடமுண்டு. மார்க் ருவெய்னின் 'ரொம் சோயர்' 1876இல் வெளிவந்தது. வேதாகம வசனங்களை ஒருவாறு மனனம் செய்து ஒப்புவித்தமைக்காக ரொம்முக்கு மேரி கொடுக்கும் பரிசு ஒரு பார்லோ கத்தி. சிறுவனுக்குத் தலைகால் தெரியாத மகிழ்ச்சி. கத்தியைப் பெறுவது என்பது, 'நீ இனி நம்பத்தக்கவன்' என்று பெரியோர் சொல்வதாகும்.

அந்த நம்பிக்கை எப்போது உடைந்தது? யப்பானைப் பார்ப்போம். அங்கு மிக்கி என்ற ஊரில் 1890களில் தோன்றிய 'ஹிகோனொகாமி' மடக்குக்கத்தியால் பள்ளிச் சிறுவர்கள் பென்சில் சீவினர். 1960 ஒக்ரோபரில் சோசலிசத் தலைவர் அசனுமா, மேடையிலேயே பதினேழு வயது இளைஞன் ஒருவனாற் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றது ஒரு குறுவாள். ஆயினும் சிறுவர் கையிற் கத்தி கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் எழுந்து, பென்சில் சீவிய கத்தியும் பறிபோயிற்று. பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடின. அமெரிக்காவில் 2001 செப்ரெம்பர் 11க்கு முன்னர் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த அலகை விமானத்துள் கொண்டுசெல்ல இடமிருந்தது. அதன்பின் அது நின்றது. சுவிஸ் கத்தியின் விற்பனையும் வீழ்ந்தது. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக்கத்தியை மாத்திரம் காரணங்கேளாது அனுமதிக்கிறது. கத்திக்குத்துக்களால் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் முன்னிலையில் இச்சட்டங்களைப் பழிக்க நாம் துணியோம். ஆனால் குத்தியவனின் கத்திக்குரிய தண்டனையைப் பாக்குச் சீவியவரின் கத்தியும் சேர்ந்தே அனுபவித்தது என்பதும் உண்மை.

இதை நான் நூலிற் படித்து அறியவில்லை. என் பாட்டனார் ஒரு தோட்டக்காரர். அவரை நாங்கள் அப்பு என்போம். அவர் வேட்டி மடியில் ஒரு கொட்டைப்பெட்டியும் ஒரு வில்லுக்கத்தியும் எந்நேரமும் இருக்கும். பாக்குச் சீவுவதும், வாழைநார் அறுப்பதும், எங்களுக்கு மாங்காய் நறுக்குவதும், என் பென்சிலைச் சீவுவதும் அதே கத்திதான். மாங்காய்ப் பால் பட்டுப் பட்டு அலகு கருநீலம் பூத்திருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, வீட்டிலிருந்து அப்பு தாமாக எடுத்துவந்த பொருள் அது ஒன்றே. எடுத்துவந்தார் என்பதுகூடப் பிழை. அது மடியில் இருந்தது. மரநிழலில் கூடாரம் கட்டக் கயிறு அறுத்ததும், எங்கோ கிடைத்த ஒரு பாணை ஒன்பது பேருக்குப் பங்கிட்டதும் அக்கத்தியே.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபின், ஒரு சோதனைச் சாவடியில் அப்புவின் மடியைத் தடவிப் பார்த்தார்கள். கத்தியைத் தரும்படி காவலிளைஞன் கையை நீட்டினான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தாற் பகை வரும் என்பது நம்மவர் நம்பிக்கை. அப்பு சால்வைத் தலைப்பால் அதைத் துடைத்தார். நீட்டிய கையிலே கொடாமல், முன்னாலிருந்த மண்மூட்டையின் மேல் வைத்தார். இளைஞன் எடுத்து ஒரு பெட்டியில் போட்டான். அதற்குள் இன்னும் பல கிடந்தன. அவன் கடுஞ்சொல் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கிட்ட கட்டளை அது. அப்பு அதன்பின் மூன்று ஆண்டுகள் உயிரோடிருந்தார். வெற்றிலைத் தட்டத்தின் முன் அமர்ந்ததும் அவர் கை தானாக மடியைத் துழாவி, வெறுமையாய்த் திரும்பிவருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளின் பின் பழம்பொருட் கடையொன்றில் துருவேறிய கத்தியொன்றைக் கண்டு வாங்கினேன். இன்று என்னிடம் பதினொன்று உள்ளன. சேகரிப்பது என்றால் கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவது என்று பலர் எண்ணுவர். படிப்பதுதான் அதில் முதன்மை. அலகின் அடியில் உள்ள முத்திரையே கத்தியின் சாதகம். முடியும் 'வி.ஆர்.' என்ற எழுத்துகளும் இருந்தால் விக்ரோறியா காலம். நாட்டின் பெயர் பொறித்திருந்தால், அமெரிக்கா 1890இல் இயற்றிய தீர்வைச் சட்டத்தின் விளைவாய் அவ்வழக்கம் பரவிய பின்னர் செய்யப்பட்டதாகக் கொள்ளலாம். பிடி இந்திய மரைக் கொம்பா, எலும்பா, தந்தமா என்பதும் ஒரு வரலாறு. பிறகு, விரித்து மூடி அந்த 'டக்' ஒலியைக் கேட்க வேண்டும். வில் களைத்திருந்தால் ஒலி சோர்ந்திருக்கும்.

பதினொன்றில் ஒன்று மாத்திரம் நாள்தோறும் என்னோடு வாழ்கிறது. வீட்டிலும் தோட்டத்திலும் அதற்கு வேலை ஓயாது: கடிதம் திறத்தல், சாக்குக் கயிறு அறுத்தல், தோடம்பழம் உரித்தல், பென்சில் சீவுதல். புழங்காத கத்தி துருவேறும். புழங்கும் கத்தி தன் உடையவனின் கைக்கேற்பத் தேயும். ஷெபீல்டில் 1941இல் சிறுவனாய்ப் பட்டறைக்குள் நுழைந்து மடக்குக்கத்திகளைத் தனியொருவராய்ச் செய்துவந்த ஸ்ரான் ஷோ, தம் 94ஆம் வயதில் 2021இல் மறைந்தார். அத்தொழிலறிவில் எவ்வளவு அவரோடு போயிற்றோ!

சிறுகதை வகுப்பின் மறுவாரம், அதிபரின் அனுமதி பெற்று அக்கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். விரித்தேன். ஒலி கேட்டதும் வகுப்பு நிமிர்ந்தது. ஒரு பென்சிலைச் சீவிக் காட்டினேன். 'வில்லும் அம்பும்' என்று சொன்ன அந்த மாணவன் முன்னே வந்து, "நான் ஒருக்கால் பிடித்துப் பார்க்கலாமா, சேர்?" என்று கையை நீட்டினான். நான் கத்தியை மடித்து, அவன் கையிலே கொடாமல், மேசையின்மேல் வைத்தேன். "ஏன் சேர், கையிலே தரவில்லை?" என்றான்.

அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று.